ஈரக்குமிழ்

நான்காவது மாடி வரைதான் லிஃப்ட்.
அதற்கு மேல் இரும்பு ஏணி, பதினேழு படி.
கைப்பிடி சுடும் என்பதால்
முந்தானையைச் சுற்றிப் பிடித்து ஏறுவேன்.
கூரைச் சாவி என்னிடம் ஒன்று, நசீமாவிடம் ஒன்று.
ஞாயிறு அவளுடையது. ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு போடுவாள்;
பதிவேட்டில் எண்ணைப் பார்த்தே கிழமை சொல்லிவிடலாம்.

காலை எட்டரை.
பரங்கிமலை தெரிந்தால் பார்வைத்தூரம் நான்கு.
எங்கள் பல்லாவரம் குன்றும் தெரிந்தால் எட்டு.
விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும் பக்கத்தை வைத்தே
காற்று எங்கிருந்து என்று சொல்லலாம்,
திசைகாட்டியைப் பார்க்கவே வேண்டாம்.
ஆனாலும் பார்ப்பேன். அதற்குத்தான் சம்பளம்.
அதன் மேல் காகம் உட்கார்ந்துவிட்டால்
நகரம் முழுவதற்கும் மேற்குக் காற்று.
விரட்டிவிட்டு, முள் ஆடி அடங்கும் வரை நின்று
எழுத வேண்டும்.

மழைமானிக்குள் ஒருமுறை மாஞ்சா நூல்.
ஒருமுறை விடுதிப் பையன்களின் சிகரெட் துண்டு;
அன்றைய மழை 6.2 மில்லிமீட்டர், தேநீர் நிறத்தில்.

வெள்ளைப் பெட்டிக்குள் இருப்பவற்றில்
குறைந்தபட்ச வெப்பமானி பொறுமைசாலி.
விடியலில் எதுவரை இறங்கியதோ
அங்கேயே குறிக்கம்பியை விட்டுவைத்து
நான் வரும்வரை காத்திருக்கும்.
ஈரக்குமிழ் அப்படி இல்லை.
மஸ்லின் துணி சுற்றிக்கொண்டு
திரி வழியே தண்ணீர் உறிஞ்சி
இந்த நிமிஷத்தை இந்த நிமிஷம் மட்டும் சொல்லும்.
அடுத்த நிமிஷம் கேட்டால் வேறு பதில்.

அந்த ஜூன் பதினான்கு.
முந்தைய இரவு பத்தரைக்குப் போன கரண்ட்
நாலு மணிக்குத்தான் வந்தது. அதுவரை
காலண்டர் அட்டையால் மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.
கண் விழித்தபோது ஒன்பதே கால்.
ரயில், ஆட்டோ, ஏணி. பதினொன்று.
குறைந்தபட்சம் 30.6. எனக்காக எடுத்துவைத்திருந்தது.
எங்கள் வீட்டு இரவுக்கு அது ஒன்றுதான் சாட்சி.
ஈரக்குமிழ் இருந்தது, எட்டரை இல்லை.
பேனா மூடியைக் கடித்தபடி யோசித்து
27.4 என்று எழுதினேன்.
நல்ல எண். யாரும் ஏறிட்டுப் பார்க்காத எண்.
பக்கத்தில் என் சுருக்கொப்பம்.

ஒன்பது வருஷம்.

போன வாரம் ஃபிர்தௌஸ், ஆராய்ச்சி மாணவி,
மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.
ஜூன் மாதக் காலைகள் எல்லாம் புள்ளிகளாக,
நடுவே ஒரு கோடு.
நான் பார்த்து எழுதியவை எல்லாம்
கோட்டுக்கு மேலும் கீழும்
சந்தை கலைந்த இடத்துத் தக்காளி மாதிரி சிதறிக் கிடந்தன.
ஒன்றே ஒன்று கோட்டின் மேலேயே குந்தியிருந்தது.
"இதைப் பாருங்க மேடம், எவ்ளோ சமத்தா உக்காந்திருக்கு."
தேதி கேட்கத் தேவையிருக்கவில்லை.

சொன்னேன்.
சிரித்தாள். "ஒரு புள்ளிதானே, சராசரியில கரைஞ்சிடும்."
கரையும், தெரியும்.
உப்பும் கரையத்தான் செய்கிறது.

பழைய பதிவேட்டைத் தூசு தட்டி எடுத்தேன்.
அடித்தால் ஒப்பம் வைக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும்.
காரணத்துக்கான கட்டம் ஒரு விரல் அகலம்.
கரண்ட், குழந்தை, ரயில் எதுவும் அதில் கொள்ளாது.
"தூக்கம்" கொண்டது.

இன்று எட்டு மணிக்கே ஏறிவிட்டேன்.
திரி காய்ந்து விறைத்திருந்தது.
காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி
ஏறட்டும் என்று நின்றேன். கீழே
யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.
எட்டரை.
முகத்தை ரொம்பக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.
நம் மூச்சும் ஈரம்தான்,
யாருடையது என்று கண்ணாடி கேட்காது.
அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு
பாதரசம் நிற்கும்வரை

26.8.
இல்லை,
26.9.